எழுத்தணியும் ஓவியமும்: மக்பூல் ஃபிதா ஹுசைன் வாழ்வில் மூன்று அரபுத் தொடர்கள்

காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்களிலும் அடக்கத்தலங்களிலும் கல்லில் செதுக்கப்பட்ட அரபு எழுத்துகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட இம்முத்துக்குளித் துறையில் முஸ்லிம்களின் அழகுணர்ச்சி உருவத்தை நாடவில்லை. எழுத்தையே அணியாகக் கொண்டது. ஷாஃபிஈ மத்ஹபைப் பெரிதும் பின்பற்றும் இக்கரையில் அது இயல்பே. இத்தகைய மரபில் நிற்கும் நாம், வாழ்நாள் முழுவதும் உருவங்களைத் தீட்டிய ஒரு முஸ்லிம் ஓவியரை எவ்வாறு நோக்குவது? தற்கால இந்திய ஓவியத்தின் முதன்மையான பெயர்களுள் ஒன்றான மக்பூல் ஃபிதா ஹுசைனை முன்வைத்தே இவ்வினாவை எழுப்புகின்றோம்.

ஹுசைன் 1915ஆம் ஆண்டு மராட்டிய நாட்டின் பண்டரிபுரத்தில் பிறந்தவர். நடக்கத் தொடங்கிய பருவத்திலேயே தாய் ஸைனபை இழந்தார். தந்தையுடன் இந்தூரில் வளர்ந்தார். பரோடாவில் மதரஸா மாணவராக இருந்தபோது அரபு எழுத்தணிக் கலை அவருக்கு அறிமுகமாயிற்று. நேர்கோடும் கோணமும் கொண்ட கூஃபி எழுத்தைப் பழகிய அந்தக் கைதான் பின்னர் தூரிகையைப் பிடித்தது. அவருடைய ஓவியங்களில் நிறத்திற்கு முன் நம் கண்ணில் படுவது கோடு. ஒரே இழுப்பில், தயக்கமின்றி, எழுதுகோலை எடுக்காமல் முடிக்கும் எழுத்தரின் கோடு அது.

1930களில் பம்பாய் வந்தவர் திரைப்பட விளம்பரப் பலகைகளை எழுதி வயிறு வளர்த்தார். 1947இல் எஃப். என். சூசா, எஸ். எச். ரஸா முதலியோர் தோற்றுவித்த முற்போக்குக் கலைஞர் குழுவில் இணைந்தார். 1955இல் ‘ஸமீன்’ என்னும் ஓவியம் அவருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. 1967இல் அவர் இயக்கிய குறும்படம் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதை வென்றது. ஹைதராபாத்தில் ஆண்டுக்கணக்கில் இராமாயணக் காட்சிகளைத் தீட்டினார். 1971இல் சாவ் பாவ்லோ கண்காட்சியில் மகாபாரத ஓவியங்களை வைத்தார். 1986இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1991இல் பத்ம விபூஷண் விருது பெற்றார்.

அவர் தீட்டிய அன்னை தெரசா ஓவியங்களில் நீலக்கரை வெள்ளைச் சேலை உண்டு, அணைக்கும் கைகள் உண்டு. முகம் மட்டும் இல்லை. தாயின் முகம் நினைவில் இல்லாத ஒருவரின் துயரம் அதில் உறைந்திருப்பதாகக் கலை விமர்சகர்கள் கூறுவர். மார்க்கச் சட்டம் பயின்றோருக்கு இங்கே வேறொன்றும் தோன்றும். உயிரினங்களின் உருவம் பற்றிய சட்ட விவாதத்தில் நிழலுள்ள உருவம், நிழலற்ற உருவம் என்னும் பாகுபாடு உண்டு. மாலிகீ அறிஞர் பலர் நிழலற்றதை வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிறுத்தினர். இமாம் நவவீ (ரஹ்) இரண்டையும் தடுக்கப்பட்டதாகவே கொண்டார். தலையற்ற உருவம் தடைக்குள் வராது என்பதும் ஃபிக்ஹு நூல்களில் பரவலாகக் காணப்படும் கருத்து. முகமின்மை தலையின்மைக்கு ஈடாகுமா என்பது தனி ஆய்வு. ஹுசைன் சட்டத்தைக் கருதி முகத்தை விடுத்தார் என்று நாம் கூறவில்லை. அவருடைய குதிரைகளுக்கும் மனிதர்களுக்கும் கண்ணும் முகமும் தாராளமாக உண்டு. சட்டத் தீர்ப்பு ஒன்று, ஒரு மனிதரின் வரலாறு மற்றொன்று. முன்னதைச் சொல்லிவிட்டதனால் பின்னதை எழுதும் கடமை நீங்கிவிடாது.

அவ்வரலாற்றின் பிற்பகுதியை மூன்று அரபுத் தொடர்களால் குறிக்கலாம். முதலாவது ‘நூருன் அலா நூர்’. அந்நூர் அத்தியாயத்தின் 35ஆவது வசனத்தில் வரும் இச்சொற்கள் 2004இல் அவர் இயக்கிய ‘மீனாக்ஸி’ திரைப்படத்தின் பாடல் ஒன்றில் இடம்பெற்றன. இறைவசனத்தின் சொற்கள் பெண்ணழகைப் புகழும் பாடலில் வருவது தகாது என உலமா அமைப்புகள் ஆட்சேபித்தன. ஹுசைன் படத்தைத் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அதற்கு முன்பே, 1996 முதல், அவர் 1970களில் வரைந்த இந்துத் தெய்வ உருவங்கள் ஆடையின்றி இருந்தமை பெரும் எதிர்ப்பைக் கிளப்பியிருந்தது. 1998இல் அவருடைய பம்பாய் இல்லம் தாக்கப்பட்டது. நாட்டின் பல நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தன. 2006இல் அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். 2008 மே மாதம் தில்லி உயர்நீதிமன்றம் ஆபாசக் குற்றச்சாட்டு வழக்குகளைத் தள்ளுபடி செய்தும் அவர் திரும்பவில்லை. நம் புனிதங்கள் இழிவுபடும்போது நாம் அடையும் வேதனையைப் பிறரும் அடைவர் என்பதை நாம் மறுக்க இயலாது. ஆயினும் வேதனைக்கு விடை வாதமும் வழக்குமே தவிர, தொண்ணூறை நெருங்கிய ஒரு முதியவரை மண்ணைவிட்டு விரட்டும் அச்சுறுத்தல் அன்று. அந்நாட்களில் நம் சமுதாயத்தின் குரல் தாழ்ந்தே ஒலித்தது. உருவம் வரைந்தவருக்காக நாம் ஏன் பேச வேண்டும் என்ற எண்ணமே அதற்குக் காரணமாயிற்று. நீதி என்பது உடன்பாடு உள்ளவருக்கு மட்டும் உரியதன்று.

2010இல் கத்தர் நாடு அவருக்குக் குடியுரிமை வழங்கியது. நம் கரையைப் போலவே முத்துக்குளிப்பால் வாழ்ந்த நாடு அது. ஜப்பானிய வளர்ப்பு முத்து வந்த பின் 1930களில் அதன் தொழில் சரிந்தது. தூத்துக்குடியிலோ 1961க்குப் பின் அரசு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அந்நாட்டில் அவர் அரபு நாகரிக வரலாற்றை 99 ஓவியங்களாகத் தீட்டத் திட்டமிட்டார். நிறைவுறுமுன்னரே, 2011 ஜூன் 9 அன்று இலண்டனில் காலமாகி, இங்கிலாந்து மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் வடிவமைத்த கண்ணாடிக் குதிரைகள் கொண்ட பெரும் படைப்பு 2019இல் தோஹாவில் திறக்கப்பட்டது. பறக்க முயன்ற அந்தலூசிய அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸின் உருவமும் அதில் உண்டு. அதன் பெயர் ‘ஸீரூ ஃபில் அர்ள்’, அதாவது ‘பூமியில் பயணம் செய்யுங்கள்’. திருமறையில் பல இடங்களில் வரும் கட்டளை. நாடு துறக்க நேர்ந்தவரின் இறுதிப் படைப்புக்கு இதனினும் பொருத்தமான தலைப்பு அரிது. மூன்றாவது தொடர் ‘லவ்ஹ் வ கலம்’, பலகையும் எழுதுகோலும். 2025 நவம்பரில் அதே நகரில் திறக்கப்பட்ட ஹுசைன் அருங்காட்சியகத்தின் பெயர் இது. பரோடா மதரஸாவில் அவர் கையில் இருந்தவையும் பலகையும் எழுதுகோலுமே.

இவ்வரலாறு நம் கரைக்கு ஒரு பணியை நினைவூட்டுகிறது. எழுத்தணிக் கலை நம் அரபுக் கல்லூரிகளில் பாடமாக வேண்டும். காயலின் கல்லெழுத்துகளும் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகளும் முறையாகப் படியெடுக்கப்பட்டு, வாசித்துப் பதிப்பிக்கப்பட வேண்டும். உருவத்தை விலக்கிய மரபு தன் எழுத்தையும் கைவிடுமாயின், அழகைப் பற்றிப் பேச அதனிடம் எதுவும் எஞ்சாது. ஹுசைனின் நிறைகுறைகளுக்கான கணக்கு அவருடைய இறைவனிடம் உள்ளது. வல்லாஹு அஃலம்.