அறிகுறியும் மூலமும்: தில்லியின் டீசல் வரலாறு குறித்துச் சில சொற்கள்

ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலம் நெருங்கும்போது தில்லியின் புகையைப் பற்றிய விவாதம் எழுகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் டீசல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்போரின் தொழில்முறை ஒன்று என் நினைவுக்கு வருகிறது. ஓடாத ஜெனரேட்டரின் முன் நிற்கும் தேர்ந்த மெக்கானிக் உடனே ஸ்பானரைக் கையில் எடுப்பதில்லை. இயந்திரம் சுழலவே மறுக்கிறதா, அல்லது நன்கு சுழன்றும் பற்ற மறுக்கிறதா என்று முதலில் கேட்கிறார். மின்கோளாற்றையும் எரிபொருள் கோளாற்றையும் இந்தக் கேள்வியே பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும்.

இதற்கான காரணம் அந்த இயந்திரத்தின் பிறப்பிலேயே உள்ளது. ருடால்ஃப் டீசல் 1893இல் காப்புரிமை பெற்று, 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இயந்திரத்தில் தீப்பொறிக்கு இடமில்லை. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஆகவே பழைய வகை டீசல் இயந்திரங்களில் மின்சாரத்துக்கு முக்கியமாக இரண்டே வேலைகள்: செல்ஃப் மோட்டாரைச் சுழற்றுவது, எண்ணெய் வழியைத் திறந்து மூடும் சொலினாய்டை இயக்குவது. இயந்திரம் சுழலவில்லையெனில் பேட்டரி, டெர்மினலில் பூத்த உப்பு, தளர்ந்த எர்த் கம்பி என்று தேட வேண்டும். சுழன்றும் பற்றவில்லையெனில், சொலினாய்டு திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, தொட்டியிலிருந்து தொடங்க வேண்டும். அடியில் தங்கிய நீர், அடைத்துக்கொண்ட ஃபில்டர், குழாயில் புகுந்த காற்று ஆகியவற்றைப் பார்த்த பிறகே பம்பும் நாசிலும். விலை மிகுந்த பம்பை முதலில் கழற்றுபவர் தொழில் தெரியாதவர்.

புகையும் ஒரு சாட்சியே. கரும்புகை காற்றுக் குறைவையோ எண்ணெய் மிகுதியையோ சொல்லும். வெண்புகை பெரும்பாலும் எரியாத எண்ணெயைச் சொல்லும். நீலப்புகை இன்ஜின் ஆயில் எரிவதைச் சொல்லும். ஆனால் அது அறிகுறி மட்டுமே. மூலம் குழாயின் மறுமுனையில் இருக்கிறது. தில்லி நகரமும் அதன் நீதிமன்றங்களும் இந்தப் பாடத்தைக் கற்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின என்பதே நான் இங்குச் சொல்ல விரும்புவது.

முதலில் எரிபொருள். எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 1998 ஜூலை 28 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. 2001 மார்ச் 31க்குள் தில்லியின் பேருந்துகள் அனைத்தும் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்றது. பூரே லால் தலைமையிலான குழுவின் பரிந்துரையே அதற்கு அடிப்படை. காலக்கெடு கடந்தும் மாற்றம் நிறைவேறாததால், 2002 ஏப்ரல் 5 அன்று ஓடும் ஒவ்வொரு டீசல் பேருந்துக்கும் நாளொன்றுக்கு 500 ரூபாயும், 30 நாட்களுக்குப் பின் 1,000 ரூபாயும் அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதிக்குள் நகரப் பேருந்துகள் மாறின. மூச்சுத் திணறும் நகரத்தில் இயந்திரத்தை நிறுத்துவதே முதல் சிகிச்சை என்பதை மறுக்க இயலாது.

ஆயினும் லாரிகளும் ஜெனரேட்டர்களும் டீசலிலேயே ஓடின. 1990களின் நடுப்பகுதி வரை இந்திய டீசலில் ஒரு சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம். கந்தகம் மிகுந்த எண்ணெயில், புகையை வடிக்கும் நவீன வினையூக்கிக் கருவிகள் நஞ்சேறிச் செயலிழக்கும். எனவே புகைக்குழாயின் முனையில் எத்தனை சோதனை நடத்தினாலும் தீர்வு சுத்திகரிப்பு ஆலையில்தான் இருந்தது. தில்லியில் 2010இல் பத்து லட்சத்தில் 50 பங்காகவும், 2018 ஏப்ரல் 1 முதல் 10 பங்காகவும் கந்தக வரம்பு குறைந்தது. பிற பகுதிகளுக்கு அதே எண்ணெய் 2020 ஏப்ரலில் வந்தது.

தொட்டிக்கும் முந்தைய கோளாறு ஒன்றும் உண்டு. அது கலப்படம். பம்பின் நுண்ணிய பாகங்களுக்கு டீசலே மசகு. மானிய விலை மண்ணெண்ணெயைக் கலந்தால் அவை விரைவில் தேயும். மெக்கானிக் காண்பது தேய்ந்த பம்பை. அதன் மூலமோ இரண்டு எண்ணெய்களுக்கு இடையிலான விலை வேறுபாடு. இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்பட எரிபொருள் விற்பனையை எதிர்த்து நடவடிக்கை எடுத்தார். 2005 நவம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மூலத்தைத் தேடுவதற்குச் சில வேளைகளில் உயிரையே விலையாகத் தர நேர்கிறது.

அடுத்தது மின்சாரம். தில்லியில் ஜெனரேட்டர்கள் பெருகியது ஏன் என்ற கேள்விக்கு விடை மின்கம்பியில் இருக்கிறது. 2002 ஜூலை 1 அன்று தில்லி வித்யுத் வாரியத்தின் விநியோகம் தனியார் பங்கேற்புக்கு மாறியபோது, வழங்கிய மின்சாரத்தில் ஏறக்குறைய பாதிக்குப் பணம் வரவில்லை. மின்வெட்டின் நிழலில்தான் கடைதோறும் டீசல் இயந்திரம் அமர்ந்தது.

2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் மின்கட்டமைப்பு அடுத்தடுத்து வீழ்ந்தது. இரண்டாம் நாளில் சுமார் 62 கோடி மக்கள் வாழும் பகுதி பாதிக்கப்பட்டது. தில்லி மெட்ரோ நின்றது. விசாரணைக் குழுவின் முடிவு கவனத்துக்குரியது. 400 கிலோவோல்ட் பீனா–குவாலியர் தடத்தில் உண்மையில் பழுது எதுவும் இல்லை. அளவு மீறிய சுமையைப் பழுதென்று தவறாகப் படித்த பாதுகாப்பு ரிலே தடத்தைத் துண்டித்தது. அறிகுறியை மூலமென்று கொண்டதால் நேர்ந்த பிழை அது. அதை ஓர் இயந்திரம் செய்தது.

அத்தகைய வேளையில் மருத்துவமனையின் தீவிரச் சிகிச்சைப் பிரிவைக் காப்பது ஜெனரேட்டர். ஆண்டு முழுதும் சும்மா நின்ற இயந்திரத்தில் பேட்டரி இறங்கியிருக்கும். தொட்டியில் நீர் சேர்ந்திருக்கும். மாதந்தோறும் சுமையேற்றி ஓட்டிப் பார்க்காத இடங்களில் இக்கோளாறுகள் இருள் சூழ்ந்த பின்பே தெரியவரும். 2017 முதல் தில்லியில் மாசு மிகும் நாட்களில் ஜெனரேட்டர்களுக்குத் தடை வருகிறது. மருத்துவமனை போன்ற இன்றியமையாத இடங்களுக்கு அப்போது விலக்கு அளிக்கப்பட்டது. தடை தேவையானதே. ஆனால் தடையில்லா மின்சாரம் கிடைக்காத இடத்தில் அது புகையைத் தள்ளிப்போடும், மூலத்தைத் தீர்க்காது.

ஆணைகளும் அறிக்கைகளும் ஆவணக் காப்பகங்களில் கிடைக்கின்றன. காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளையும் தெருவோரப் பட்டறைகளையும் நம்பி வாழ்ந்த மெக்கானிக்குகளின் அறிவு எங்கும் எழுதப்படவில்லை. எண்ணெயில் நீர் ஏறிய ஆண்டையும், பம்புகள் வழக்கத்தைவிட விரைவாகத் தேய்ந்த ஆண்டையும் அவர்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும். அத்தொழிலில் இருந்த முதியவர் உங்கள் குடும்பத்தில் எவரேனும் இருப்பின், அவர் சொல்வதை இன்றே எழுதி வையுங்கள். மின்னணுக் கட்டுப்பாட்டு இயந்திரங்கள் வந்துவிட்ட நிலையில், செவியாலும் மூக்காலும் பழுதறிந்த அந்தத் தலைமுறை விடைபெற்றுக்கொண்டிருக்கிறது.