1913-இல் கடல் கடந்த இரண்டு மாணவர்கள்

பனமரத்துப்பட்டியில் எங்கள் வாசிப்பு வட்டம் மாதத்துக்கு ஒருமுறை கூடும். சென்ற கூட்டத்தில், வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்த ஒரு தங்கைக்குப் பாராட்டுச் சொன்னோம். அவளுடைய அம்மா அரளித் தோட்டத்தில் மொட்டு பறிக்கும் கூலித் தொழிலாளி. விடியுமுன் பறித்து சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதால் அந்த வீட்டில் தூக்கம் எப்போதும் பாதிதான். பாராட்டு முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்தார். "படிச்சதெல்லாம் ஃபாரின் போய் பி.ஆர். வாங்கிக்கிட்டா, இங்க நம்ம சனத்துக்கு யாரு?" என்றார். அந்தப் பெண் எங்களைப் பார்த்தாள். "அம்பேத்கர் திரும்பி வந்தாருல்ல அண்ணா? நான் அங்கேயே தங்கிட்டா அது துரோகமா?"

அன்று நாங்கள் சொன்ன பதில் எங்களுக்கே திருப்தி தரவில்லை. வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறோம்.

1913 ஜூலையில் இரண்டு இந்திய மாணவர்கள் அமெரிக்காவில் இறங்கினார்கள். ஒருவர் நியூயார்க்கில் இறங்கினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த மாதம் பதினொன்றரைப் பவுண்டு உதவித்தொகையில், மூன்றாண்டுகள் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த 22 வயது பீமராவ். புறப்படும் முன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார். படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும்.

இன்னொருவர் மேற்குக் கரையில், சியாட்டில் துறைமுகத்தில் இறங்கினார். பஞ்சாபின் அமிர்தசரஸ் பக்கத்துக்காரரான பகத் சிங் திண்ட். படிக்க வந்தவர் மர அறுவை ஆலையில் உழைத்தார், 1918-இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார், பிறகு குடியுரிமை கேட்டார். படிக்கப் போன நாட்டிலேயே தங்கிவிட நினைக்கும் இன்றைய மாணவரின் கதைதான் அது.

அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் குடியுரிமை வெள்ளையருக்கும், உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே. ஆகவே இந்தியர்கள் தாங்கள் வெள்ளையர் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் கையில் எடுத்த சான்று சாதி. அதே 1913-இல் ஏ.கே. மஜும்தார் என்பவர், தான் உயர்சாதி இந்து, கலப்பில்லாத ஆரிய இரத்தம் என்று வாதிட்டு வாஷிங்டன் மாநிலத்தில் குடியுரிமை பெற்றுவிட்டார். திண்டின் வழக்கும் அந்த வழியில்தான் போனது. ஒரு வெள்ளை அமெரிக்கர் கறுப்பரை எப்படி விலக்கி வைக்கிறாரோ, அப்படியே உயர்சாதி இந்து இந்நாட்டுப் பழங்குடிகளை விலக்கி வைக்கிறார், ஆகவே அவர் தூய்மையானவர் என்று வாதம் வைத்தார்கள். சாதியை மறுத்த குருமார்களின் மதத்தில் பிறந்தவருடைய வழக்கில்தான் இப்படி வாதிட்டார்கள்!

1923 பிப்ரவரி 19-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. ஆரியரோ இல்லையோ, சாமானிய மனிதர் புரிந்துகொள்ளும் பொருளில் நீ வெள்ளையன் இல்லை என்றது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. மஜும்தாரும் இழந்தார். சான் பிரான்சிஸ்கோவில் கடை நடத்திய வைஷ்ணோ தாஸ் பாகாய் 1928-இல் தற்கொலை செய்துகொண்டார். இந்த மனிதர்களை நாம் கேலி செய்யவில்லை. திண்ட் ஏகாதிபத்திய எதிர்ப்பாளர். இனவெறிச் சட்டம்தான் அவர்களைச் சுவரோடு நெருக்கியது. ஆனால் நெருக்கடி வந்தபோது பெட்டியிலிருந்து எதை எடுத்து நீட்டினார்கள் என்பது நாம் மறக்கக்கூடாத செய்தி. அந்தப் பெட்டியில் அண்ணலுக்கு எதுவும் இல்லை.

அண்ணலோ அதே ஆண்டுகளில் சாதியையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். 1916 மே 9 அன்று கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில், இந்துக்கள் பிற நாடுகளுக்குக் குடிபெயர்ந்தால் சாதி உலகப் பிரச்சினையாகும் என்ற கேட்கரின் கணிப்பை எடுத்துக்காட்டினார். 1917-இல் ஒப்பந்தப்படி பரோடா திரும்பினார். வேலை இருந்தது, தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கியவரைத் தடியோடு வந்து விரட்டினார்கள். இதையெல்லாம் பிறகு அவர் எழுதிவைத்த குறிப்புகளின் தலைப்பு 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. அந்நிய நாட்டுத் தூதரகத்தில் காத்திருந்த கதை என்று நினைத்துத் திறப்பவருக்கு, உள்ளே சொந்த நாட்டின் குளமும் மாட்டுவண்டியும் விடுதியும்தான் இருக்கும். திரும்பி வந்தாரே என்று சொல்லும்போது எந்த வரவேற்புக்குத் திரும்பி வந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கே.ஆர். நாராயணனும் அப்படித் திரும்பியவர்தான். 1945-இல் டாட்டா உதவித்தொகையில் லண்டன் பொருளியல் பள்ளிக்குப் போய் 1948-இல் திரும்பினார். அன்று பிரிட்டனில் தங்கிவிடச் சட்டத் தடை இல்லை. 1962-இல்தான் காமன்வெல்த் மக்களுக்கு அங்கே கதவு சாத்தத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவின் கதவு 1965 சட்டத்தால் அகலத் திறந்தது. படித்த இந்தியர் பெருமளவில் குடியேறியது அதன் பிறகே. அந்தக் கதவு வழியே யார் போனார்கள்? ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதி, பழங்குடியினர் இட ஒதுக்கீடு வந்தது 1973-இல். அதாவது கதவு திறந்த முதல் எட்டு ஆண்டுகளில் அங்கே நமக்கு ஒதுக்கிய நாற்காலியே இல்லை. 'தகுதியால் போனோம்' என்று இன்று அங்கே சொல்லும் குடும்பங்களின் முதல் விமானச் சீட்டு எந்த ஆண்டில் வாங்கப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள்.

இன்றைக்கு அந்த இடத்தில் நிற்பது வங்கி. கல்விக் கடன் ஏழரை லட்சம் ரூபாயைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஜாமீன் வேண்டும். வெளிநாட்டுப் படிப்பு ஏழரை லட்சத்தில் முடிவதில்லை. எங்கள் தங்கையிடமும் ஒரு வங்கியில் முதல் கேள்வி, "பட்டா நிலம் இருக்கா?" நிலம் ஏன் இல்லை என்பதற்கும் வரலாறு உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீரின் அறிக்கைக்குப் பின் 1892-இல் தொடங்கி சென்னை மாகாணத்தில் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையையும் மீறி அதில் பெரும்பகுதி கைமாறிப் போனது. அதைத் திருப்பிக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் காரணை போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அந்த நிலம் நம்மிடம் இருந்திருந்தால், இன்று எத்தனை பிள்ளைகளின் கடன் மனுவோடு அதன் பத்திரம் போயிருக்கும்!

நிலம் இல்லாதவர்க்கு உதவித்தொகைதான் வழி. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55-இல் தொடங்கியது. இப்போது நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். அதிலும் 2022-இல், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்தத் தொகை கிடையாது என்று விதி வந்தது. 1916-இல் அண்ணல் வாசித்த கட்டுரையை இந்த விதியின்கீழ் எழுதியிருக்க முடியாது. 2025 ஜூலையில் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நிதி இல்லை என்று முதலில் 40 பேருக்கு மட்டுமே கடிதம் கொடுத்தார்கள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இதைப் பற்றி சேரிகளில் இன்னும் பலருக்குத் தெரியாது. அது எங்களைப் போன்றவர்களின் தவறும்கூட.

இனி பி.ஆருக்கு வருவோம். மாணவர் விசா என்பது நிரந்தர வசிப்புரிமைக்கான ரசீது அல்ல. ஆஸ்திரேலியா 2001-இல் படித்து முடித்தவர்கள் உள்ளிருந்தபடியே விண்ணப்பிக்க வழி திறந்தது. சமையல், முடிதிருத்தப் படிப்புகளில்கூட மாணவர்கள் குவிந்தார்கள். 2010-இல் தொழில் பட்டியலை ரத்து செய்தபோது பலர் நடுவழியில் நின்றார்கள். பிரிட்டன் படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவை 2012-இல் மூடி 2021-இல் வேறு பெயரில் திறந்தது. கனடா 2024-இல் மாணவர் அனுமதிக்கே உச்சவரம்பு வைத்தது. சேலம் அஞ்சு ரோட்டில் 'படிப்போடு பி.ஆர். உறுதி' என்று சொல்லும் எந்த கன்சல்டன்சியின் பேச்சையும் இந்த ஆண்டுகளோடு ஒத்துப் பாருங்கள்.

ஆனாலும் பி.ஆர். வேண்டும் என்கிறோம். கேட்கர் சொன்னது நடந்துவிட்டது, சாதியும் விசா வாங்கிவிட்டது. சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவருக்குச் சாதிப் பாகுபாடு காட்டப்பட்டதாக 2020-இல் கலிபோர்னியா அரசுத் துறை வழக்குத் தொடுத்தது. எச்-1பி விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால் அவருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். மேலதிகாரி தோளைத் தட்டிப் பூணூல் தேடினாலும், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டாலும், அந்த 60 நாளை மனதில் வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கையில் நிரந்தர உரிமை இருப்பவர் புகார் எழுதலாம், சாட்சி சொல்லலாம், நாட்டை விட்டுப் போக வேண்டியிருக்குமே என்ற பயம் இல்லாமல். சாதி இந்துவுக்கு பி.ஆர். ஒரு வசதி. நமக்கு அது வாய்திறக்கும் உரிமை.

திண்ட் இறங்கிய அதே சியாட்டிலில், அவருடைய வழக்கில் தீர்ப்பு வந்து நூறாண்டும் இரண்டு நாளும் ஆன 2023 பிப்ரவரி 21 அன்று, நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. உயர்சாதி என்பதைச் சான்றாக நீட்டிய நாட்டில், அது குற்றச்சாட்டில் எழுதப்படும் சொல்லாக மாறியிருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் மசோதாவை அதன் ஆளுநர் மறுத்துவிட்டார் என்பதும் உண்மை. மறுபடி கொண்டுவர அங்கே நம் ஆட்கள் வேண்டும்.

ஆகவே பெரியவருக்கு எங்கள் பதில்: ஐயா, உங்கள் கவலை நியாயமானது. படித்தவர்கள் தன்னைக் கைவிட்டதாக அண்ணலே 1956-இல் ஆக்ராவில் வேதனைப்பட்டார். ஆனால் திரும்பி வருவாயா என்ற கேள்வியை அக்கிரகாரத்துப் பிள்ளையிடம் யாரும் கேட்டதில்லை. அதை நம் பிள்ளையிடம் மட்டும் கேட்டு, அவள் போகும் முன்பே ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்க வேண்டாம்.

தங்கைக்கு: நீ அங்கே தங்கினால் துரோகம் இல்லை. தங்கி, சாதியைக் கேட்டவனிடம் வேறு பெயர் சொல்லித் தப்பிக்க வேண்டி வந்தாலும் நாங்கள் உன்னைக் குறை சொல்ல மாட்டோம், பரோடாவில் அண்ணலும் அதைத்தான் செய்தார். இப்போதைக்கு வருமானச் சான்று வாங்கும் வேலை பாக்கி இருக்கிறது. திங்கட்கிழமை காலை அம்மா மார்க்கெட்டுக்குப் பூவை அனுப்பியதும் தாலுகா அலுவலகத்துக்கு வரச் சொல். நாங்கள் இரண்டு பேர் கூட வருகிறோம்.