ஆசிய உள்ளரங்கத் தடகள வாகையர் போட்டி

கூரையிட்ட அரங்கில் ஆசிய நாடுகள் மோதும் தடகளப் போட்டி. 2004-இல் தெஹ்ரானில் தொடங்கியது. ஆசியத் தடகளச் சங்கம் நடத்துகிறது. ஓடுதளச் சுற்று 200 மீட்டர்தான். வளைவுகள் உள்நோக்கிச் சரிந்திருக்கும். 100 மீட்டருக்குப் பதில் 60 மீட்டர் ஓட்டம். கோட்டைக் கடந்த வேகத்தில் வீரர்கள் மெத்தை பதித்த சுவரில் மோதி நிற்பதும் உண்டு. ஈட்டி, வட்டு, சங்கிலிக் குண்டு எறிதல்கள் இல்லை.

தமிழ்நாட்டுக்கு மறக்கமுடியாத ஆண்டு 2023. அவ்வாண்டு அஸ்தானாவில் நடந்த இப்போட்டியில் இந்தியா வென்ற 8 பதக்கங்களில் பாதி தமிழ்நாட்டவருடையவை. மும்முறைத் தாண்டலில் பிரவீன் சித்திரவேல் 16.98 மீட்டர், நீளம் தாண்டலில் தூத்துக்குடி மாவட்டம் முதலூரின் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 7.97 மீட்டர், இரண்டும் தேசிய உள்ளரங்கச் சாதனையுடன் வெள்ளி. கோலூன்றித் தாண்டலில் பவித்ரா வெங்கடேஷ் வெள்ளியும் ரோசி மீனா பால்ராஜ் வெண்கலமும் வென்றனர். உள்நாட்டில் தகுந்த உள்ளரங்கத் தளம் இல்லாத நாளில் வந்த பதக்கங்கள் என்பதால் இவற்றின் மதிப்பு பெரிது. புவனேசுவரத்தில் கலிங்கா உள்ளரங்கம் 2024-இல்தான் திறக்கப்பட்டது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்றும் திறந்தவெளி மைதானமே களம். தமிழ்நாட்டிலும் கலிங்கா போன்ற ஓர் உள்ளரங்கம் அமைய வேண்டும்.