கண்ணாடியும் நிலக்கரியும்: பன்னிரு மாதமும் பயன்பட வேண்டிய ஒரு கூடத்தின் வரலாறு

பெங்களூரு லால்பாக் கண்ணாடி மாளிகையைப் பார்த்துவந்த முதுகலை மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "கண்ணாடி மாளிகை என்கிறார்கள், ஆனால் சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் திறந்தல்லவா கிடக்கிறது? இதற்குள் செடிகளை எப்படிக் காத்திருப்பார்கள்?" கேள்வி எளியது, விடை அவ்வளவு எளியதன்று. அது ஐரோப்பியக் குளிரில் தொடங்கி, நிலக்கரிச் சுரங்கங்களின் வழியே வந்து, நம் ஊர்களில் இன்று எழும் கண்ணாடிக் கோபுரங்கள்வரை நீள்கிறது. அவ்விடையைச் சற்று விரிவாக இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். குளிர்காலத்தில் மட்டும் செடிகளை ஒதுக்கிவைக்கும் கட்டடம் ஒன்று. ஆண்டு முழுவதும் செடிகள் வேரூன்றி வாழவும் மனிதர் உலவவும் உரிய கூடம் மற்றொன்று. வெர்சாய் அரண்மனையில் 1684 முதல் 1686 வரை அர்துவேன் மான்சார் எழுப்பிய ஆரஞ்சுக்கூடம் முதல் வகையைச் சேர்ந்தது. தடித்த கற்சுவர், கல்லால் ஆன வளைகூரை, தெற்கு நோக்கிய பெருஞ்சாளரங்கள் ஆகியவையே அதன் உறுப்புகள். ஆரஞ்சு மரங்கள் பெட்டிகளில் வளர்ந்தன. குளிர்காலத்தில் அவற்றை உள்ளே கொண்டுவந்தனர். வெயிற்காலத்தில் வெளியே கொண்டுசென்றனர். கட்டடம் நகரவில்லை, மரங்கள் நகர்ந்தன. கூரையில் கண்ணாடி இல்லாததால் இரவில் வெப்பம் எளிதில் வெளியேறவில்லை. பகலில் ஒளியும் போதிய அளவு கிட்டவில்லை. இலையுதிராத மரம் சில மாதங்கள் அங்கே உயிர்தாங்கலாம். பனைமரம் அங்கே வளர முடியாது.

பனையையும் வாழையையும் வடஐரோப்பாவில் நிலையாக வளர்க்க விரும்பியோர் கூரையையும் கண்ணாடியாக்க வேண்டியதாயிற்று. 1815ஆம் ஆண்டில் ஜார்ஜ் மெக்கன்சி, வானவெளியில் ஞாயிறு செல்லும் பாதைக்கு ஏற்பக் கண்ணாடிக் கூரையும் வளைந்திருக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். மறு ஆண்டே ஜான் கிளாடியஸ் லூடன், வளைக்கத்தக்க தேனிரும்புச் சட்டம் ஒன்றை உருவாக்கினார். தடித்த மரச்சட்டங்கள் ஒளியை மறைத்த இடத்தில் மெல்லிய இரும்புக் கோடுகள் வந்தமர்ந்தன. எனினும் கண்ணாடி மலிவானதாக இல்லை. பிரிட்டனில் எடையைக் கணக்கிட்டுக் கண்ணாடிக்கு வரி விதிக்கப்பட்டிருந்தது. 1845இல்தான் அது நீக்கப்பட்டது.

வரி நீங்கும்வரை காத்திராதவர் ஜோசப் பாக்ஸ்டன். 1826இல், தம் இருபத்து மூன்றாம் வயதில், டெவன்ஷயர் கோமகனின் சாட்ஸ்வொர்த் தோட்டத்துக்குத் தலைமைத் தோட்டக்காரராக வந்தவர் அவர். 1836 முதல் 1840 வரை அங்கே டெசிமஸ் பர்ட்டனின் துணையோடு அவர் எழுப்பிய கண்ணாடிக்கூடம் 277 அடி நீளமும் 123 அடி அகலமும் 67 அடி உயரமும் உடையது. குதிரைவண்டி அதனுள் ஓட வழி இருந்தது. நீளுருளையாகக் கண்ணாடியை ஊதி, பிளந்து, விரித்துத் தகடாக்கும் முறையைக் கையாண்ட சான்ஸ் நிறுவனத்திடம், அதுவரை வழக்கில் இருந்ததைவிட நீளமான நான்கடித் தகடுகளைப் பாக்ஸ்டன் கேட்டுப் பெற்றார்.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இங்கே நின்று அந்த வடிவத்தை வியக்கின்றன. நாம் தரைக்குக் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். அங்கே எட்டுக் கொதிகலன்கள் இருந்தன. ஏறத்தாழ ஏழு மைல் நீளமுள்ள இரும்புக் குழாய்களில் வெந்நீர் சுற்றிவந்தது. நிலக்கரியைக் கொண்டுவரச் சுரங்கப்பாதையில் தண்டவாளம் பதித்திருந்தனர். விருந்தினர் கண்ணில் படாதபடி புகையும் நிலத்தடி வழியாகவே தொலைவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மேலே வெப்பநாட்டுச் சோலை. கீழே கரி அள்ளும் கைகள். கண்ணாடி ஒளிபுகும் பொருள். ஆனால் அந்தக் கட்டடம் தன்னைத் தாங்கிய உழைப்பையும் எரிபொருளையும் மறைத்துவைப்பதற்கென்றே திட்டமிடப்பட்டிருந்தது.

இம்மறைப்பு சாட்ஸ்வொர்த்துக்கு மட்டும் உரியதன்று. 1844 முதல் 1848 வரை லண்டன் கியூ தோட்டத்தில் டெசிமஸ் பர்ட்டனும் அயர்லாந்து இரும்பு வினைஞர் ரிச்சர்ட் டர்னரும் எழுப்பிய பனைமரக் கூடத்துக்கும் இது பொருந்தும். கப்பல் கட்டும் தொழிலிலிருந்து பெற்ற தேனிரும்பு உத்தரங்களால் தூண் நெருக்கமற்ற அகன்ற வெளி அங்கே கிட்டியது. கொதிகலன்கள் தரைக்கடியில் வைக்கப்பட்டன. புகையோ சுரங்கம் வழியே சென்று, இத்தாலிய மணிக்கோபுரம் போல் ஒப்பனை செய்யப்பட்ட 107 அடிப் புகைபோக்கியில் வெளியேறியது. நிலத்தடி நீர் அருகில் இருந்ததால் கொதிகலன் அறையில் வெள்ளம் புகுந்து தொல்லை தந்தது. கடும் வெயிலில் இலைகள் கருகாதிருக்க, வேதியியலாளர் ராபர்ட் ஹன்ட்டின் அறிவுரைப்படி பச்சைச் சாயல் கொண்ட கண்ணாடி பொருத்தப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனின் நிலக்கரிப் புகையே ஞாயிற்றொளியைக் குறைத்துவிட, அந்தப் பச்சைக் கண்ணாடி தேவையற்றதாகிக் கைவிடப்பட்டது. உள்ளே வெப்பம் தந்த அதே கரி வெளியே ஒளியைத் திருடியது.

ஏன் இவ்வளவு கரி தேவைப்பட்டது? ஞாயிற்றொளி கண்ணாடியைக் கடந்து தரையையும் மண்ணையும் சூடாக்குகிறது. அவற்றைத் தொட்டுச் சூடேறிய காற்று மேலெழுந்து வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. பசுங்குடில் வெப்பமாக இருப்பதில் இக்காற்றுச் சிறைக்கே பெரும்பங்கு உண்டு என்பதை 1909இல் ஆர்.டபிள்யூ. வுட் செய்த எளிய ஆய்வு உணர்த்தியது. ஆனால் ஒற்றைக் கண்ணாடித் தகடு வெப்பத்தைத் தடுத்துவைப்பதில் மிகவும் வலுவற்றது. ஞாயிறு மறைந்ததும் பகலில் சேர்த்த வெப்பம் அதன் வழியே கசிந்துவிடுகிறது. ஆகவே அதே கூடம் கோடை நண்பகலில் அடுப்பாகவும் குளிர்கால நள்ளிரவில் பனிக்கிடங்காகவும் மாறுகிறது. கோடையில் வெப்பத்தை வெளியேற்றக் காற்றுவழி வேண்டும். குளிரில் வெப்பத்தை ஊட்ட எரிபொருள் வேண்டும். இரண்டையும் வேளையறிந்து செய்ய இரவும் பகலும் ஆள் வேண்டும். ஆண்டு முழுவதும் பயன் என்பதன் உண்மையான விலை இம்மூன்றும்தான்.

கோடையின் சிக்கலைப் பாக்ஸ்டன் நன்கு அறிந்திருந்தார். 1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் அவர் வடிவமைத்த பளிங்கு மாளிகை 1,848 அடி நீளமுடையது. 49 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் கொண்ட ஏறத்தாழ மூன்று இலட்சம் கண்ணாடித் தகடுகள் அதில் பொருத்தப்பட்டன. வெயிலைத் தணிக்கக் கூரையின்மேல் துணி விரித்தனர். காற்று வருவதற்குச் சாய்தகட்டுச் சாளரங்கள் அமைத்தனர். பொருட்காட்சி முடிந்தபின் அம்மாளிகையை மக்களுக்கான குளிர்காலப் பூங்காவாக நிலைநிறுத்த வேண்டும் என்று அவர் வாதிட்டார். அரசு இசையவில்லை. ஒரு தனியார் நிறுவனம் அதைச் சிடனம் குன்றுக்குப் பெயர்த்துக் கொண்டுசென்று 1854இல் திறந்தது. 1866இல் வெப்பநாட்டுச் செடிகள் இருந்த வடபகுதி எரிந்தது. அது மீண்டும் கட்டப்படவே இல்லை. 1911இல் நிறுவனம் நொடித்தது. 1936 நவம்பர் 30 அன்று மாளிகை முழுவதும் தீக்கிரையானது.

சாட்ஸ்வொர்த்தின் முடிவு இதைவிட அமைதியானது. நம் வாதத்துக்கு இதைவிட இன்றியமையாததும்கூட. முதல் உலகப்போர்க் காலத்தில் நிலக்கரிக்கும் தட்டுப்பாடு, ஆளுக்கும் தட்டுப்பாடு. கொதிகலன்கள் அணைந்தன, செடிகள் மடிந்தன. 1920இல் அக்கூடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதை வீழ்த்தியது புயலன்று, தீயுமன்று. கரி வராமற்போன குளிர்காலமே. எண்பது ஆண்டுகள் நின்ற கட்டடம் உண்மையில் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் தன் வாழ்நாளைப் புதுப்பித்துக்கொண்டே நின்றிருந்தது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

இனி, இந்தக் கண்ணாடி நம் பக்கம் வந்த கதை. அது முதலில் மாளிகையாக வரவில்லை, பெட்டியாக வந்தது. நதானியேல் வார்டு என்னும் லண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் ஈரம் ஆவியாகி, மீண்டும் துளியாகிச் செடியை நனைப்பதை 1829இல் கண்டார். அதிலிருந்து பிறந்த வார்டு பெட்டிகள் 1833இல் சிட்னி வரை உயிருள்ள செடிகளைக் கொண்டுசேர்த்தன. சீனத்திலிருந்து ராபர்ட் ஃபார்ச்சூன் இமயமலைத் தோட்டங்களுக்குத் தேயிலைக் கன்றுகளை அனுப்பியதும் இப்பெட்டிகளில்தான். 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து சின்கோனாக் கன்றுகளை இவற்றில் ஏற்றி நீலகிரிக்கு அனுப்பினார். அட்லாண்டிக்கின் உப்புக்காற்றிலிருந்து அக்கன்றுகளைக் காத்த பெட்டி, செங்கடலின் வெம்மையில் அவற்றைக் காக்கவில்லை. அக்கன்றுகளால் பயன் விளையவில்லை. மறு ஆண்டில் வேறு வழியாக வந்த விதைகளும் கன்றுகளுமே நீலகிரித் தோட்டங்களுக்கு வித்திட்டன. குளிரில் காப்பாற்றும் அதே கண்ணாடி வெப்பத்தில் உயிர்வாங்கும் என்பதை உணர்த்தும் நிகழ்வு இது.

லால்பாக்குக்கு வருவோம். ஐதர் அலி 1760ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய தோட்டம் அது. அங்கே பளிங்கு மாளிகையை மனத்தில் கொண்டு கண்ணாடி மாளிகையை உருவாக்கியவர் தோட்டக் கண்காணிப்பாளர் ஜான் கேமரன். விக்டோரியா அரசியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் 1889இல் அதற்கு அடிக்கல் நாட்டினார். வார்ப்பிரும்பு உறுப்புகள் கிளாஸ்கோ சாரசன் வார்ப்படச் சாலையிலிருந்து கப்பலேறி வந்தன. வடிவம் வந்தது, இரும்பு வந்தது. கொதிகலன் மட்டும் வரவில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவில் அதற்குத் தேவையும் இல்லை. ஆகவே பக்கங்கள் திறந்தன. காற்று குறுக்கே ஓடியது. கண்ணாடி என்பது தலைக்குமேல் ஒளியைத் தரும் பந்தலாயிற்று. கண்ணாடிக்கூடம் பிறந்த காரணமே அங்கே இல்லாமற்போனது. ஆயினும் கட்டடம் வீணாகவில்லை. இன்று குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி நிகழும் மலர்க்காட்சிகளுக்கு இலட்சக்கணக்கானோர் கூடும் இடம் அது. பளிங்கு மாளிகை மக்களுக்கான பூங்காவாக நிலைக்க வேண்டும் என்ற பாக்ஸ்டனின் விருப்பம், நெருப்பு மூட்டாமலேயே பெங்களூருவில் நிறைவேறியது எனலாம்.

இதைப் பேரரசின் நகலெடுப்பு என்று மட்டும் படிப்போர் உண்டு. குடியேற்ற ஆட்சியின் பெருமிதம் அதில் உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் நகலெடுத்தபோது எதை விட்டுவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே என் கருத்து. வடிவத்தின் வரலாறு சாட்ஸ்வொர்த்தையும் லால்பாக்கையும் ஒரே மரபில் வைக்கும். எரிபொருளின் வரலாறு அவ்விரண்டையும் எதிரெதிர் முனைகளில் நிறுத்தும்.

இதில் இன்றைய பொருத்தமும் உண்டு. சிங்கப்பூரில் 2012இல் திறக்கப்பட்ட கண்ணாடிக்கூடங்கள் சாட்ஸ்வொர்த்தின் தலைகீழ் வடிவம்: வெப்பநாட்டில் குளிர்நாட்டுச் செடிகளுக்காகக் குளிரூட்டப்படுபவை. பூங்காக்களில் வெட்டப்படும் மரக்கழிவை எரித்து அக்குளிரூட்டலுக்கு ஆற்றல் பெறுகிறார்கள். எரிபொருள் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை அங்கே திட்டமிடும்போதே எழுப்பிவிட்டார்கள். நம் நகரங்களிலோ, திறவாத கண்ணாடிச் சுவர்களோடு அலுவலகங்கள் எழுகின்றன. மின்சாரம் நின்றால் அரை நாள்கூட அவற்றுள் அமர்ந்திருக்க இயலாது. கொதிகலன் அறை கண்ணுக்கு எட்டாத அனல்மின் நிலையத்துக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. மறைப்பு மட்டும் மாறவில்லை.

கண்ணாடிக்கூடம் கட்ட நினைப்போருக்கு இவ்வரலாறு ஓர் ஒழுங்கைக் கற்பிக்கிறது. அந்த இடத்தின் மிகக் கொடிய நாள் எது, குளிரா வெயிலா என்று முதலில் கேட்க வேண்டும். அடுத்து, கீழே காற்று நுழையவும் உச்சியில் வெளியேறவும் வழி, கண்ணாடிக்கு வெளிப்புறத்தில் நிழல், வெப்பத்தைத் தாங்கிவைக்கக் கல்தரையும் நீர்த்தொட்டியும். அதன்பின், எதை எரிப்போம், யார் எரிப்பார். கண்ணாடியின் வகையும் கூரையின் அழகும் இவற்றுக்குப் பின்னரே வரவேண்டிய கேள்விகள்.

மாணவருக்கு நான் சொன்ன விடை சுருக்கமானது: "அந்தத் திறந்த பக்கங்கள் குறையல்ல, தம்பி. பெங்களூருவின் தட்பவெப்பத்தை அறிந்து எடுத்த முடிவு அது. சாட்ஸ்வொர்த் கூடம் இன்று இல்லை; லால்பாக் மாளிகை இருக்கிறது. எதற்கு ஆண்டுதோறும் கரி வேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள்."