இரு பள்ளிகள், இரு வரலாறுகள்

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே பாலஸ்தீனத்தில் யூதக் குழந்தைகள் எபிரேயப் பள்ளிகளிலும் அரபுக் குழந்தைகள் அரபுப் பள்ளிகளிலும் பிரிந்தே படித்தனர். இஸ்ரேல் உருவான 1948 போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் அகதிகளாயினர். அதன்பின் மேற்குக் கரையில் ஜோர்டான் பாடநூல்களும் காசாவில் எகிப்தியப் பாடநூல்களும் வழங்கின. 1967 போரில் இவ்விரு பகுதிகளையும் கைப்பற்றிய பிறகு இஸ்ரேல் அந்நூல்களைத் தணிக்கை செய்தது. பின்னர் அமைந்த பாலஸ்தீன அதிகார சபையின் சொந்தப் பாடநூல்கள் 2000இல்தான் வரத் தொடங்கின.

மறுதரப்பை மனிதரல்லாதவராக இழிவுபடுத்துவது இருதரப்பு நூல்களிலும் அரிது என்றது 2013இல் வெளியான ஓர் ஆய்வு. ஆனால் மறுதரப்பைப் பகைவராகக் காட்டுவதும், வரைபடத்தில் அதன் பெயரை விட்டுவிடுவதும் இருபுறமும் இருந்தன. பாலஸ்தீன நூல்களிலும் இஸ்ரேலின் தீவிர மதப்பள்ளி நூல்களிலும் இப்போக்கு மிகுந்திருந்தது. இப்படித்தான் பெற்றோரின் பகை பிள்ளைகளின் பாடமாகிறது.

மாற்று முயற்சிகளும் நடந்தன. இஸ்ரேலின் நெவே ஷாலோம் கிராமத்தில் யூத, அரபுக் குழந்தைகள் சேர்ந்து படிக்கும் இருமொழிப் பள்ளி 1984இல் தொடங்கியது. இஸ்ரேலியரான டான் பார்-ஓன், பாலஸ்தீனரான சாமி அத்வான் ஆகியோர் இருதரப்பு ஆசிரியர்களைக் கூட்டி ஒரு வரலாற்று நூலை உருவாக்கினர். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் இஸ்ரேலியக் கூற்றும் பாலஸ்தீனக் கூற்றும் எதிரெதிரே அமைந்தன. நடுவே மாணவர் எழுத இடம் விடப்பட்டது. இரு கல்வி அமைச்சகங்களும் அதை அதிகாரபூர்வப் பாடநூலாக ஏற்கவில்லை.