யூத இனப்படுகொலை நினைவுகூரல்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜி ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் கொன்ற ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களைப் பொதுவெளியில் நினைவுகூரும் மரபு. இப்படுகொலையை யூதர்கள் ‘ஷோவா’ என்பர். உலக வழக்கில் ஹோலோகாஸ்ட். 1945 ஜனவரி 27 அன்று சோவியத் படை ஔஷ்விட்ஸ் முகாமை விடுவித்தது. அந்த நாளையே உலக நினைவு நாளாக ஐ.நா. பொதுச்சபை 2005 நவம்பர் 1-இல் அறிவித்தது.

நினைவுகூரல் போருக்குப் பிறகு தொடங்கியதல்ல. கொல்லப்படவிருந்தவர்களே அதைத் தொடங்கிவைத்தார்கள். வார்சா நகரில் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவுக்குள், 1940 முதல், இமானுவேல் ரிங்கல்பிளம் என்ற வரலாற்றாசிரியர் ரகசியமாக ஓர் ஆவணக் குழுவை நடத்தினார். நாட்குறிப்பு, ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், சுவரொட்டி, மிட்டாய்த் தாள் என எதையும் அவர்கள் விடவில்லை. எல்லாவற்றையும் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து மண்ணுக்குள் புதைத்தார்கள். 1944 மார்ச்சில் ரிங்கல்பிளம் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய மிகச் சிலரின் உதவியோடு 1946-இல் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து பத்துப் பெட்டிகளை எடுத்தார்கள். தண்ணீர் புகுந்து பல தாள்கள் ஊறிப்போயிருந்தன. 1950-இல் இரண்டு பால் கேன்கள் கிடைத்தன. மூன்றாவதாகப் புதைத்த பகுதி இன்றுவரை அகப்படவில்லை.

இஸ்ரேலில் இதற்குத் தனி நாள் உண்டு. எபிரேய நாட்காட்டியின் நிசான் மாதம் 27-ஐ 1951-இல் நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்தது. 1953-இல் யாத் வஷேம் நினைவகத்துக்கும் 1959-இல் நினைவு நாளுக்கும் சட்டங்கள் வந்தன. அன்று காலை 10 மணிக்குச் சங்கு ஊதினால் நெடுஞ்சாலையில் போகும் காரும் நின்றுவிடும். ஓட்டுநர் இறங்கிக் கதவோரம் நிற்பார். தொடக்க ஆண்டுகளில் ஆயுதம் ஏந்திப் போராடியவர்களுக்கே புகழ் போயிற்று. சாதாரணமாகச் செத்தவர்களின் கதைக்குக் காது கிடைத்தது 1961-இல், நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கில் தப்பிப் பிழைத்தவர்கள் கூண்டேறிச் சாட்சி சொன்ன பிறகுதான்.

ஜெர்மனியில் பெர்லின் நடுவே 2,711 கான்கிரீட் பாளங்களுடன் 2005-இல் பெரிய நினைவிடம் திறக்கப்பட்டது. ஆனாலும், அதைவிட ஆழமாகத் தைப்பவை குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் வீட்டு வாசல்களில் பதித்துவரும் பத்து சென்டிமீட்டர் பித்தளைக் கற்கள். ஒரு கல்லுக்கு ஒரு பெயர்; அவர் இங்கே வாழ்ந்தார் என்ற செய்தி. 2023-இல் அவற்றின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது.

இந்தியாவுக்கு இந்த வரலாற்றில் உள்ள பங்கு சங்கடமானது. 1938 நவம்பரில் ஜெர்மனியெங்கும் யூத ஆலயங்கள் எரிக்கப்பட்ட சில நாட்களில், காந்தி ‘ஹரிஜன்’ இதழில் யூதர்களுக்குச் சத்தியாகிரகத்தைப் பரிந்துரைத்தார். சாட்சியே இல்லாத இடத்தில் செய்யும் தியாகம் யாரை எட்டும் என்ற பொருளில் ஜெருசலேமிலிருந்து யூதத் தத்துவஞானி மார்ட்டின் பூபர் பதில் எழுதினார். பூபர் கேட்டது நியாயமான கேள்வி.

ஜாம்நகர் அருகே பாலாசடியில் மகாராஜா திக்விஜயசிங் 1942-இல் போலந்துக் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். வார்சாவில் அவர் பெயரில் சதுக்கமே இருக்கிறது. ஆனால் அவர்களை ஹிட்லரிடமிருந்து தப்பிய யூதக் குழந்தைகள் என்று நம் ஊடகங்கள் அடிக்கடி எழுதுவது பிசகு. அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஸ்டாலின் ஆட்சி சோவியத் நாட்டுக்குள் நாடுகடத்திய குடும்பங்களின் பிள்ளைகள். இரண்டு துயரங்களையும் ஒன்றாகக் குழப்பினால் இரண்டுமே பொய்யாகிவிடும்.

நாஜிகளுக்கு அஞ்சி உண்மையாகவே இந்தியா வந்த யூதர்களில் ஒருவர் வால்டர் காஃப்மன். 1934-இல் பம்பாயில் இறங்கிய இந்த இசையமைப்பாளர் பின்பு அகில இந்திய வானொலியில் ஐரோப்பிய இசைப் பிரிவைக் கவனித்தார். அதிகாலையில் தம்புராவின் மீது வயலின் இழையும் அந்த வானொலியின் அடையாள இசை அவர் பெயரிலேயே பெரும்பாலும் வழங்குகிறது. 1946-இல் இந்தியாவை விட்டுப் போனவர், அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்து 1984-இல் காலமானார். நம் பள்ளிக்கூடங்களில் ஜனவரி 27 அன்று இந்த வரலாற்றைச் சொல்ல விரும்பும் ஆசிரியர்கள் ஔஷ்விட்ஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள் கேட்டுப் பழகிய அந்த மெட்டைப் போட்டுக் காட்டி, அதை அமைத்தவராகச் சொல்லப்படுபவர் ஏன் ஊரைவிட்டு ஓடிவந்தார் என்பதிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.