மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு: பகைவர்கள் கூட்டாளிகளான பின்னணி

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில், பெரும்பாலும் முஸ்லிம்களைக் கொண்ட ‘செலேகா’ கிளர்ச்சிக் கூட்டணி 2013 மார்ச்சில் தலைநகர் பாங்கியைக் கைப்பற்றி, அதிபர் பிரான்சுவா போசிசேயின் ஆட்சியைக் கவிழ்த்தது. அதற்கு எதிராகக் கிறிஸ்தவர்கள் மிகுந்த ‘ஆன்டி-பலாக்கா’ குழுக்கள் ஆயுதமேந்தின. மோதல்களில் இரு சமூகங்களையும் சேர்ந்த பொதுமக்கள் கொல்லப்பட்டனர்.

அதே ஆண்டு செப்டம்பரில் கலைக்கப்பட்ட செலேகா, பல குழுக்களாகச் சிதறியது. தங்கம், வைரம் கிடைக்கும் பகுதிகளுக்காக அவை தங்களுக்குள்ளேயே மோதின. 2019-இல் 14 ஆயுதக் குழுக்கள் அரசுடன் அமைதி ஒப்பந்தம் செய்துகொண்டன.

எனினும், 2020 டிசம்பர் தேர்தலையொட்டி, முன்னாள் செலேகா குழுக்களும் ஆன்டி-பலாக்கா பிரிவுகளும் அரசுக்கு எதிராக ‘மாற்றத்துக்கான தேசபக்தர்கள் கூட்டணி’யில் இணைந்தன. 2021 ஜனவரியில் பாங்கி மீது அவை நடத்திய தாக்குதல், ரஷிய, ருவாண்டா படையினரின் உதவியுடன் முறியடிக்கப்பட்டது. மார்ச்சில் அக்கூட்டணியின் தலைமையை ஏற்றவர், முன்பு செலேகாவால் விரட்டப்பட்ட அதே போசிசே.